கட்டளைக்குள் புகுந்த ராகு காலம்

கட்டுகஸ்தோட்டையில் பேக்கரிக்கு மேல்மாடியில் இயங்கும் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் கமலாசனிக்கு ஒரே வேலைதான்: எங்கோ ஒரு தேசத்தில் இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவது. அந்தக் கம்ப்யூட்டருக்கு நேற்று நடந்தது எதுவும் ஞாபகத்தில் நிற்காது. பட்டனை அமுக்கும் ஒவ்வொரு தடவையும் பச்சைப் பிள்ளையாகக் கண் விழிக்கும். இங்கே போ, இதை இறக்கு, அதைக் கட்டு, சோதித்துப் பார், சரியென்றால் வெளியே அனுப்பு என்று வரி வரியாகச் சொல்ல வேண்டும். ஒரு வரி விட்டுப்போனால் அதோடு நின்றுவிடும். கமலாசனிக்கு அதன்மேல் கோபம் வருவதில்லை. சொன்னதையாவது செய்கிறதே, வீட்டில் தம்பிமார் அதுகூடச் செய்வதில்லை.

முதலாளி வீரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். ராகு காலத்தில் புதிய பதிப்பு எதையும் வெளியே விடமாட்டார். மனப்பாடமும் கிடையாது, ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்ச் சுவர்க் கலண்டரைப் பார்ப்பார், பிறகு கண்ணாடியைத் தேடுவார், அதற்குள் தேநீர் ஆறிவிடும். பார்த்துப் பார்த்துப் பொறுமை போய், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம் கமலாசனி கட்டளைகளின் தலைமாட்டில் நாலு வரி சேர்த்தாள்: மணியைப் பார், ராகு காலமென்றால் நின்றுவிடு.

வீரசிங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றோடு கலண்டரை மறந்தார். சோதனை பார்க்கும் ஆகிப் ஜும்ஆத் தொழுகைக்குப் போக முன்னர் முடிந்துவிடட்டும் என்று, வெள்ளிதோறும் பதினொரு மணிக்குப் பட்டனை அமுக்குவார்கள். வெளியே போய்விட்டது என்று திரையில் பச்சை வரும்.

இப்படி நாலு மாதம் ஓடியது, வாடிக்கையாளர்களும் கூடினார்கள். வருகிற திங்களோடு அவளுடைய ஆறு மாதத் தவணை முடிகிறது. நிரந்தரக் கடிதம் வரும், அல்லது வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். தெல்தோட்டையில் அம்மாவோ மகள் நிரந்தரமாகிவிட்டாள் என்று தோட்டத்து லயம் முழுக்க வீடு வீடாகச் சொல்லி முடித்திருந்தாள்.

அந்தத் திங்களுக்கு முந்திய வெள்ளி, பின்னேரம் நாலே கால். அவர்கள் செய்த ஸ்கூல் வேன் ஆப்பில் முப்பது வேன்களும் மகாவலி கங்கைக்குள் நின்றன. வேன்கள் ஒழுங்காக ரோட்டில்தான் ஓடின, பிசகியது ஆப்பின் வரைபடம். தாய்மாருக்கு அது எப்படித் தெரியும்? டெலிபோன் ஓயவில்லை. கமலாசனி பத்து நிமிடத்தில் பிழையைத் திருத்திப் பட்டனை அமுக்கினாள். திரை சிவந்தது. கீழே அவளே எழுதிய வரி: ‘ராகு காலம். பொறுக்கவும்.’

“என்ன பிள்ளை, வெள்ளிக்கிழமை நாலரைக்கு எங்கால ராகு காலம்?” வீரசிங்கம் கலண்டரின் தூசியைத் தட்டினார். “பத்தரை துவங்கிப் பன்ரெண்டு மட்டும் எண்டெல்லே கிடக்கு!”

கமலாசனி திரையின் மூலையில் மணியைப் பார்த்தாள், விஷயம் பிடிபட்டது. வாடகைக் கம்ப்யூட்டர் பார்ப்பது உலகப் பொது நேரம். இலங்கைக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே இப்போதுதான் பதினொரு மணி ஆகப் போகிறது. ஏதாவது சொல்லி மழுப்பலாம், அவருக்குக் கட்டளை வாசிக்கத் தெரியாது. ஆனால் வாய் கேட்கவில்லை.

“சேர், தப்பு என்னோடதுங்க. அதுக்கு நம்ம ஊரு நேரத்த நான் சொல்லிக் குடுக்கல. நாலு மாசமா வெள்ளிக்கெழம நாம விட்டது எல்லாமே நெஜமான ராகு காலத்துலதாங்க.”

வீரசிங்கம் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். ஆகிப் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“முதல்ல அந்த வேனுகளை ஆத்துக்குள்ளால எடும்” என்றார் வீரசிங்கம்.

கொழும்பு நேரம் என்று ஒரு வரி சேர்த்தாள். பச்சை வந்தது. வேன்கள் கரையேறின. சனியும் ஞாயிறும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவுமில்லை.

திங்கள் காலை எட்டேகாலுக்கு வீரசிங்கம் கூப்பிட்டு ஒரு கடித உறையை நீட்டினார். பிரித்தாள். நிரந்தரம். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவளின் பார்வை சுவர்க் கலண்டரில் விழுந்தது. திங்கள், ஏழரை முதல் ஒன்பது வரை.

“ஐயையோ சேர், இப்ப ராகு காலங்க!”

“தெரியும் பிள்ளை, பாத்துத்தான் கூப்பிட்டனான். அந்த நாலு மாசத்திலதானே எங்கட கொம்பனி எழும்பினது.”