வெள்ளைப் பாவாடையில் அப்பாவின் கை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்குப் பின்னால் இருந்த ஓலைக் கொட்டகைதான் எங்கள் பள்ளிக்கூடம். ஒரே வாத்தியார், மூன்று வகுப்பு. படித்தவர்கள் எல்லாம் ஷாப்பில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள். எங்களிடம் ஒரு ஜால்ரா கூடக் கிடையாது. அப்படியிருக்க, மேடையும் திரையும் ஆர்மோனியமும் வைத்திருந்த வேலூர்ப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று, இரண்டு பள்ளிக் குழந்தைகளும் சேர்ந்து நாடகம் போடலாம் என்று சொல்லியனுப்பியது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி வாத்தியார் பூரித்துப் போனார்.

சனிக்கிழமைதோறும் அங்கிருந்து ஒரு டீச்சரம்மா ரயிலில் வந்து ஆட்டமும் பாட்டும் சொல்லிக்கொடுத்தார். முதல் வாரம் தோல் நாற்றம் தாங்காமல் மூக்கில் கைக்குட்டையை வைத்திருந்தார். அடுத்த வாரம் எடுத்துவிட்டார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று. நாடகத்தின் தொடக்கப் பாட்டை மேடையில் தனியாக நின்று பாட, மூன்றாம் வகுப்பில் இருந்த என்னைத் தேர்ந்தெடுத்தார். என்னைவிட அப்பாவுக்குத்தான் தலைகால் புரியவில்லை. "எம் பொண்ணு வேலூர்ல மேடையேறி பாடப் போவுது" என்று ஷாப்பில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்தார்.

உடுப்பு வேலூர்ப் பள்ளியுடையது. பாட்டுக்காரிக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை. "தொவைச்சு மடிச்சு எடுத்துட்டு வாம்மா" என்று டீச்சரம்மா என் கையில் கொடுத்தார்.

எங்கள் புத்திசாலித்தனம் அங்கேதான் வேலை செய்தது. இரவல் துணியை நம் வீட்டு மண் தொட்டியில் முக்குவதாவது என்று அம்மா பக்கத்து வீட்டு பீபியம்மாவிடம் கேட்டு ஒரு இரும்பு வாளி வாங்கி வந்தார். அலசி முடிக்கும் நேரம் பார்த்து அப்பா வேலை விட்டு வந்தார். "தள்ளு, நான் பிழியறேன். நீ பிழிஞ்சா நாளைக்கும் காயாது" என்று வாளிக்குள் கையை விட்டார்.

அப்பாவுக்கு ஷாப்பில் ஆவாரம் பட்டைத் தொட்டியில் வேலை. நாளெல்லாம் பட்டைத் தண்ணீரில் தோலைப் புரட்டிப் புரட்டி முழங்கை வரை பழுப்பேறியிருக்கும். பட்டைச் சாறு ஊறிய தோலில் இரும்பு பட்டால் கன்னங்கரேலென்று கறுத்துவிடும். அதனால் தொட்டிப் பக்கம் ஒரு ஆணியைக் கூட அண்டவிட மாட்டார். இடுப்பில் சாவி செருகி வருகிறவனை எட்ட நிறுத்தித் திட்டுவார். அவ்வளவு தெரிந்த மனுஷர், தன் கையும் அதே சாறு ஊறிய தோல்தான், வாளியும் இரும்புதான் என்று நினைக்கவில்லை.

கொடியில் காய்ந்த பிறகு பார்த்தால், பாவாடையில் அவர் விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா ஓடிப்போய் எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். அம்மா தேய்க்க, அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்றார். கறுப்பு சாம்பல் நிறமாயிற்று. ஆனால் விரல் விரலாகவே இருந்தது.

நாடகத்தன்று வேலூரில் டீச்சரம்மா பாவாடையை விரித்துப் பார்த்தார். "யார் கைம்மா இது?" என்றார்.

"எங்கப்பா கைங்க, டீச்சர்."

உடுப்பு மாட்டிக்கொண்டிருந்த அவர்கள் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் விரல்களை அந்தக் கறைமேல் வைத்து அளவு பார்த்தாள். எனக்கு அவமானத்தில் காது மடல் சுட்டது. டீச்சரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "நீ திரைக்குப் பின்னால நின்னு பாடும்மா. இந்தப் பொண்ணு முன்னால நின்னு வாயசைக்கட்டும்" என்று, அளவு பார்த்தவளையே கூப்பிட்டார்.

அப்படியே பாடினேன். திரையின் இடுக்கில் கடைசி வரிசை தெரிந்தது. அப்பா சலவைச் சட்டை போட்டு, தோஸ்து ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் அடியிலேயே எழுந்து நின்று மேடை முழுக்கத் தேடினார். பக்கத்திலிருந்த யாரோ சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். கைதட்டல் எல்லாம் வாயசைத்தவளுக்கு.

திரும்பும்போது ரயிலில் அந்த தோஸ்து, "கொரலு நல்லாத்தான் இருந்துது. ஆனா அது உம் பொண்ணு இல்லியே" என்றார்.

"நான்தான் பாடினேன். திரைக்குப் பின்னாடி நின்னேன்" என்றேன்.

"பின்னாடி இன்னாத்துக்கு?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா ஏன் என்று கேட்கவே இல்லை. தன் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைப் பார்க்க எனக்கும் கூசியது. கூசியதை நினைத்து இன்னும் கூசியது.

ஆம்பூரில் இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டும்போது வழக்கம்போல அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் இரண்டு கையையும் துண்டுக்குள் சுற்றிக்கொண்டார்.

"நீயே பாத்து நடம்மா. கறை ஆய்டும்."

வெள்ளை உடுப்பை அங்கேயே கழற்றிக் கொடுத்துவிட்டு, என்னுடைய பழைய பாவாடையில்தான் வந்திருந்தேன்.

"இது நம்ம பாவாடைதாம்பா. பட்டா பரவால்ல" என்றேன்.

சமாதானமாகத்தான் சொன்னேன். வீடு வரைக்கும் அவர் கையை வெளியே எடுக்கவில்லை.