சர்வர் டவுன் என்று சொன்ன வாய்

கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறேன். கடை என்றால் ஒரு மேஜை, ஒரு பிரிண்டர், ஒரு கம்ப்யூட்டர். இதற்கு முன்னால் இருந்த பழைய கம்ப்யூட்டரை நினைத்தால் இன்றைக்கும் வாயில் எச்சில் ஊறுகிறது, காறித் துப்புவதற்கு.

ஒன்றரை வருடம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பாதி விண்ணப்பத்தில் பொசுக்கென்று அணையும். திரும்பப் போட்டால் பீப் பீப் என்று கத்திவிட்டுக் கறுப்புத் திரையோடு கிடக்கும். ரேம் என்ற மெமரி அட்டையைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டேன். நாலு நாள் ஓடியது. உள்ளே இருக்கும் பேட்டரியை மாற்றினேன். கரண்டு கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மாற்றினேன். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மதர்போர்டே போச்சிக்கா. இதுக்கு மேல இதுல கை வைக்காதிங்க. புதுசு வாங்கிடுங்க" என்றார். புதுசு விற்றால் அவருக்குக் கமிஷன் வரும், அதற்காகச் சொல்கிறார் என்று நினைத்து அனுப்பிவிட்டேன். என் புத்தி அப்படி.

அது அணையும்போதெல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் "சர்வர் டவுன்" என்று சொல்லிவிடுவேன். இந்தத் தொழிலில் அதைவிட வசதியான பொய் கிடையாது. யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். பழி எங்கோ சென்னையில் இருக்கும் ஏதோ மிஷின் மேல் போய்விடும். உண்மையைச் சொன்னால் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் கடைக்கு எல்லோரும் போய்விடுவார்களே.

வெள்ளிமலைப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். மகளுக்கு நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும். முதல் நாள் சர்வர் டவுன் என்று திருப்பி அனுப்பினேன். மறுநாள் வந்தார், போட்டோ ஏற்றும்போது அணைந்தது. அதே பதில். மலையிறங்கி வந்து போக அவருக்கு ஒரு பகல் முழுக்க ஆகும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

மூன்றாவது முறை வந்தது அந்த வார முடிவில், கடைசித் தேதி அன்று. ஓடிபி அடிக்கப்போகும் நேரத்தில் திரை கறுத்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. மெக்கானிக் போன பிறகு திறக்கவே திறக்காத கம்ப்யூட்டர் பெட்டியை, அந்த அம்மா எதிரிலேயே ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தேன்.

எலி மூத்திர நாற்றம். ஃபேன் இறக்கையில் கரப்பான்பூச்சியின் கால்கள். வெள்ளிக்கிழமைதோறும் பெட்டிக்கு நான் பூசிய சந்தனமும் குங்குமமும் காற்றுத் துளை வழியாக உதிர்ந்து, கற்பூரக் கரியோடும் தூசியோடும் சேர்ந்து அடை மாதிரி அப்பியிருந்தன. போர்டில் கெபாசிட்டர் என்ற குட்டி உருளைகள் தலை உப்பி, சீழ் மாதிரி பழுப்பாகக் கசிந்திருந்தன. மெக்கானிக் சொன்னது அத்தனையும் நிஜம். இந்தக் கண்றாவியைத்தான் வாராவாரம் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மூணு வாட்டியும் இதான் நின்னு போய்க்கினு இருந்துச்சிங்களா?"

வாய் வரைக்கும் வந்த பொய்யை விழுங்கினேன். "ஆமாங்க. எதிர்க்கடைக்குப் போங்க. மணி மூணுதான் ஆவுது. அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குது."

அவர் சர்டிபிகேட்டுகளை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனார். கால் மணி நேரத்தில் அச்சடித்த தாளோடு வெளியே வந்து, ரோட்டைத் தாண்டி என் கடை வாசலில் நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாளே கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். ஒரு தடவைகூட அது அணையவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை அதைப் போடும்போதும் அவர் சொன்னது காதில் விழுகிறது. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

"போட்டாச்சிங்க. மொத நாளே அங்க போங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, இந்த ஒரு வாரம் எம்பொண்ணு அழுதுக்கினே பட்டினி கெடந்துருக்காதுங்க."