விசா கேட்கவில்லை, பேரைக் கேட்டார்கள்

மீனம்மாவின் கணவர் பெயர் யோகேஸ்வரன். இதை நான் சொல்லலாம், நீங்கள் சொல்லலாம், இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவை பஜாரில் வடை சுடுகிறவர்கூடச் சொல்லலாம். மீனம்மா மட்டும் சொல்லமாட்டாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருசமாக, கூப்பிட்டால் "ஏங்க", அடுத்தவர்களிடம் பேசினால் "லோஜினி அப்பா". மகள் லோஜினி பிறப்பதற்கு முன்னால் என்ன செய்தாள் என்றால், "அந்தா, அவங்க" என்று தாடையால் காட்டினாளாம். கட்டினவன் பேரைப் பொண்டாட்டி வாய்விட்டுச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவள் அம்மா சொல்லிக் கொடுத்தது. மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஒருவருடைய ஆயுசை இருபத்தெட்டு வருசம் நாக்கு நுனியில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறாள், அதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனசு வரவில்லை.

யோகேஸ்வரன் மாலைத்தீவில், ஒரு சின்னத் தீவில் இருக்கும் விருந்தினர் விடுதியில் சமையல்காரர். லீவில் வந்துபோய் மூன்று வருசமாகிறது. போன மாதம் போனில் அவர் குரல் தேய்ந்து கேட்டது. மீனம்மா துருவித் துருவிக் கேட்டபிறகுதான், டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், ஒரு கட்டத்தில் டாக்டர்களே கையைப் பிசைந்ததையும் சொன்னார்.

"இப்ப சரியாப் போச்சு. நீ பயந்துருவேன்னுதான் சொல்லல," என்றார்.

போனில் முகத்தைக் காட்டச் சொன்னாள். கன்னம் ஒட்டி, சட்டைக் காலர் கழுத்தைவிட்டு விலகி நின்றது. மீனம்மா போனை வைத்துவிட்டு மகளிடம், "நான் போயி அவங்களப் பாக்கணும்," என்றாள். காலையில் பேர் பதியும் பெரட்டுக்கும் கொழுந்து பறிக்கும் மலைக்கும் தவிர எங்கும் போகாத அம்மா இப்படிச் சொன்னதும் லோஜினி மறுபேச்சுப் பேசவில்லை. தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சராக இருப்பவள். அடுத்த நாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஜாரில் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் றுக்கையாவின் கடைக்குப் போனாள்.

"மாலைத்தீவுக்கு முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லக்கா," என்றாள் றுக்கையா.

மீனம்மாவின் முகம் கறுத்துவிட்டது. "விசா இல்லாமன்னா, களவாவா போறது?"

"களவு இல்ல. போயி எறங்குனதும் ஒரு மாசத்துக்கு முத்திரை குத்துவாங்க. திரும்பி வர்ற டிக்கெட் இருக்கணும், தங்குற எடத்தோட தாள் இருக்கணும், பொறப்படுறதுக்கு முன்னாடி ஒரு படிவம் போன்ல நெரப்பணும், அத நானே செஞ்சு தாறேன். விசா எடுத்துப் போற நாட்டுக்குன்னா கேள்வியெல்லாம் இங்கயே கேட்டு முடிச்சிருவாங்க. விசா வேணாம்னா, அங்க கவுண்டர்ல நிக்க வச்சுக் கேப்பாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

பிறகு, யோகேஸ்வரன் சொல்லி எப்போதோ எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டையும், அவர் போனில் அனுப்பிய விடுதித் தாளையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "பாஸ்போர்ட்ல ஒங்க அப்பா பேருதான் இருக்கு, வீரய்யா மீனம்மா. விடுதித் தாள்ல ஒங்கள வரவழைக்கிறவர்னு வேற பேரு இருக்கு. கல்யாணப் பதிவு இருக்கா?"

"கோயில்ல தாலி கட்டுனது. பதிவெல்லாம் யாரு பண்ணுனா?"

"அப்ப ஒங்க வாய்தான் பதிவு. யாரப் பாக்க வந்தீங்கன்னு கேட்டா, புருசன்னு சொல்லிப் பேரையும் பளிச்சுன்னு சொல்லணும். புருசன் பேரு தெரியாத பொண்டாட்டிய யாருக்கா நம்புவா? சந்தேகம் வந்தா அடுத்த பிளேன்லயே திருப்பி அனுப்பிருவாங்க."

மீனம்மா பாஸ்போர்ட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். லோஜினி அம்மாவைப் பார்த்தாள்.

அன்றிலிருந்து லயத்து வீட்டில் ஒத்திகை. லோஜினி கட்டிலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து ஆபிசராவாள். மீனம்மா பையோடு முன்னால் நிற்பாள்.

"ஒங்க புருசன் பேரு?"

"லோஜினி அப்பா."

"அம்மா, அது பேரில்ல."

"யோகே..." என்பாள். அதற்குமேல் நாக்கு நகராது.

"இது அரைப்பேரும்மா. முழுப்பேரு சொல்லு."

கொழுந்து நிறை குறைந்தால், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு அரைநாள் கூலி எழுதுவதைத்தான் தோட்டத்தில் அரைப்பேர் என்பார்கள். இத்தனை வருச வேலையில் அபூர்வமாகத்தான் அரைப்பேர் வாங்கியிருக்கிறாள் மீனம்மா. அந்தக் கெட்டிக்காரிக்குப் புருசன் விசயத்தில் முழுப்பேர் விழவேயில்லை. "செத்துப் பொழச்சு வந்திருக்காரு. இப்பப் போயி பேரச் சொல்லி அவரு ஆயுசுல கை வைக்கச் சொல்றியா?" என்று ஒருநாள் அழுதே விட்டாள். லோஜினி எழுந்து வந்து அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒத்திகை அத்தோடு நின்றது.

புறப்படுவதற்கு முதல் நாள் றுக்கையா வீட்டுக்கே வந்து பையைச் சோதித்தாள். முருகன் படத்தை எடுத்து வெளியே வைத்தாள். "சாமி படம், செலையெல்லாம் அங்க விடமாட்டாங்கக்கா. துன்னூற நெத்தியில பூசிக்கிட்டுப் போங்க, அத யாரும் புடுங்கமாட்டாங்க." தேயிலைத் தூளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடியில் இருந்த போத்தலைத் திறந்து மோந்து பார்த்தாள். மாசிக் கருவாட்டுச் சம்பல்.

"மாசி வர்றதே அங்கருந்துதானேக்கா. இது கொல்லன் தெருவுல ஊசி விக்கிற கதையால்ல இருக்கு."

"மாசி அங்க இருக்கும். இடிச்சுக் குடுக்க ஆளு இருக்கா?" என்றாள் மீனம்மா. றுக்கையா போத்தலை நன்றாக மூடி, இரண்டு பையில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

பிளேனில் மீனம்மா கண்ணைத் திறக்கவில்லை. இறங்கி வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற வெள்ளைக்காரர்களெல்லாம் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அவள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இளவயது ஆபிசர். இலங்கைப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் உடைந்த சிங்களத்தில் பேச்சுக் கொடுத்தார், கொஞ்ச நாள் கொழும்பில் படித்தவராம். மீனம்மாவுக்கு உயிர் வந்தது. சிங்களம் அவளுக்கும் தெரியும்.

யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். கணவரை என்றாள். கணவர் பெயர் என்ன என்றார்.

"லோஜினியின் அப்பா," என்றாள் சிங்களத்தில்.

ஆபிசர் தாளைப் புரட்டினார். லோஜினி என்று இதில் யாருமில்லையே, யார் அந்த லோஜினி என்றார். மகள் என்றாள். மகளும் இங்கேதான் வேலை செய்கிறாளா என்றார். இல்லை, இல்லை என்று மீனம்மா தலையை ஆட்ட ஆட்ட அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், தாளில் ஒரு பெயர், வாயில் இன்னொரு பெயர். ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு மேலதிகாரி ஒருவரைக் கூப்பிட்டார்.

மீனம்மா ஓரமாக நின்றாள். பின்னால் நின்றவர்கள் அவளைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். தானியங்கிக் கதவு திறக்கும்போதெல்லாம் வெளியே காத்திருக்கிறவர்களின் தலைகள் தெரிந்தன. அதில் ஒரு தலை அவருடையது. சாவின் வாசல்வரை போய் வந்த மனுசன், இத்தனை தூரம் வந்தும் தன்னைப் பார்க்காமல் படகேறித் திரும்பிப் போவதை நினைத்தாள். காய்ச்சலில் கிடந்த நாளெல்லாம் பக்கத்தில் இருந்து அவரைக் கூப்பிட ஓர் ஆள் இருந்ததா என்று நினைத்தாள்.

'தாயே, கொறையத்தான் வேணும்னா என் ஆயுசுல கொறை,' என்று தோட்டத்து மாரியம்மனிடம் மனதுக்குள் சொல்லிவிட்டு, கூப்பிடாமலேயே கவுண்டருக்குப் போனாள்.

"யோகேஸ்வரன்," என்றாள்.

சத்தமாகவே சொல்லிவிட்டாள். பக்கத்து வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆபிசர்கள் இருவரும் தாளைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா என்றார் இளையவர். முத்திரை விழுந்தது.

வெளியே வந்தால் எதிரிலேயே கடல். கம்பியைப் பிடித்தபடி அவர் நின்றார். போனில் பார்த்ததைவிட மெலிவு, ஆனால் நின்றார், சிரித்தார். மீனம்மா அவர் கையை எடுத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். இல்லை.

"என்ன புள்ள, எல்லாரும் வந்துட்டாங்க, நீ மட்டும் இவ்வளவு நேரம். உள்ள என்ன கேட்டாங்க?"

"ஒங்க பேரக் கேட்டாங்க."

அவர் பையைத் தூக்கப் போனவர், தூக்காமல் நிமிர்ந்தார். "சொன்னியா?"

தலையாட்டினாள்.

படகுக்காரன் கூப்பிட்டதுகூட அவர் காதில் விழவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க, எனக்கு ஒருக்கா சொல்லு," என்றார்.

"நீங்க என்ன ஆபிசரா? பேசாம நடங்க."

அவர் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "குடுத்து வச்ச ஆபிசரு," என்றார்.