நோன்பு வாய்

எங்கள் ஏட்டய்யாவுக்கு மூக்கு வேலை செய்யாது. முப்பது வருஷமாகப் பொடி போட்டுப் போட்டு அது செத்துப் போயிருந்தது. இடது கையில் பொடி மட்டையும் வலது கையில் கறுத்த கைக்குட்டையுமாகத்தான் இன்றும் அவர் ஞாபகத்துக்கு வருகிறார். அறுபதுகளின் நடுவில் நம் பக்கம் மதுவிலக்கு. பாண்டிச்சேரியில் கடைகள் திறந்தே கிடந்தன. எல்லை தாண்டி வரும் வண்டிகளை மடக்கிப் பார்க்க, செஞ்சிக்குக் கிழக்கே திண்டிவனம் ரோட்டில் ஒரு செக்போஸ்ட் இருந்தது. சீட்டுக்கு அடியில் பாட்டில் தேடுவது ஏட்டய்யா வேலை. டிரைவரை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பது என் வேலை. ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கும் கட்டையைத் தூக்கி இறக்குவதற்கென்று எடுத்த தற்காலிக ஆள், சர்க்காருக்கே மூக்காகிப்போனேன்.

வெங்காயம், பீடி, சொத்தைப் பல், காலையில் தின்ற கருவாடு என்று எல்லாம் மோந்தாயிற்று. சலிப்பில்லாமல் மோந்தது ஒருவரைத்தான். அவரை லாரி பாய் என்போம். செஞ்சியிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை ஏற்றிப் பாண்டிக்குப் போய், மத்தியானம் காலி வண்டியோடு திரும்புவார். நான் கேட்பதற்கு முன்பே தலையை வெளியே நீட்டி ஊதிவிட்டு, "இன்னிக்கு இன்னா கொழம்பு, சொல்லு தம்பி பாக்கலாம்" என்பார். பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவேன். நோன்பு மாதத்தில் மட்டும் அந்த விளையாட்டு கிடையாது.

அப்படி ஒரு நோன்பு மாதத்தில்தான் அது நடந்தது. மறுநாள் இன்ஸ்பெக்டர் வருகிறார். அந்த மாதம் எங்களிடம் ஒரு கேஸ்கூட இல்லை. "ஒண்ணாவது புடிக்கலன்னா உன்ன பர்மனென்ட் பண்ணச் சொல்லி நான் எப்டிடா எழுதுவேன்?" என்று ஏட்டய்யா காலையிலேயே சொல்லியிருந்தார். மத்தியானம் பாய் வந்தார். கண் சிவந்து உதடு காய்ந்திருந்தது. ஊதினார். பட்டினி வயிற்றின் புளித்த வாடை. வேறொன்றும் இல்லை.

"சாராயந்தானே?" என்றார் ஏட்டய்யா.

"ஆமாங்க" என்றேன்.

பாய் முதலில் சிரித்தார், கேலி என்று நினைத்து. பிறகு வண்டியை விட்டு இறங்கி என் எதிரில் வந்து நின்றார். "நோன்பு வாய் தம்பி. எச்சி கூட முழுங்கல. இன்னொரு தரம் மோந்து பாரு." மறுபடி ஊதினார். மறுபடி மோந்தேன். "வருது" என்றேன்.

குடித்திருக்கிறாரா என்று சோதித்துச் சொல்ல ஆஸ்பத்திரியில் அன்று டாக்டர் இல்லை. என் மூக்குதான் சாட்சி. சாயங்காலம் பாங்கு சொல்லும்போது பாய் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நோன்பு திறக்க ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் ஏட்டய்யாதான். கோர்ட்டிலும் நான் அதையே சொன்னேன். பாயின் லைசென்ஸ் போயிற்று. லாரிக்கு வேறு டிரைவர் வந்துவிட்டான். அதைவிட, நோன்பில் குடித்தவர் என்று அவர் தெருவிலேயே பெயராகிவிட்டது. சித்திரைக்குள் எனக்கு உத்தியோகம் நிரந்தரமாயிற்று. அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதை எழுதும்போதும் அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி, தொட்டால் நம்முடையது என்று தெரிகிறது, அவ்வளவுதான். இன்று அந்த ரோட்டில் பட்டப்பகலில் பாட்டில் வாங்க வரிசையில் நிற்கிறார்கள். யாரையும் யாரும் ஊதச் சொல்வதில்லை.

பாய் பிறகு பாண்டியில் ஏதோ கிடங்கில் மூட்டை தூக்கினார். வாரம் ஒருமுறை பஸ்ஸில் வீட்டுக்கு வருவார். பஸ்ஸில் டிரைவரை மட்டும்தான் ஊதச் சொல்வோம். முதல் வாரம், ஏட்டய்யாவுக்குப் பதிலாக நான் சீட்டுகளுக்கு அடியில் பார்த்துக்கொண்டு வந்தபோது பாய் எழுந்து நின்றார். யாரும் கேட்காமலே என் முகத்துக்கு நேரே ஊதினார். பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள்.

"வாடை வருதா தம்பி?"

"ஒண்ணும் இல்ல பாய். உக்காருங்க."

"அப்ப அத எழுதிக்க."

என் கையில் நோட்டு இருந்தது, பென்சில் இருந்தது. வாடை அடித்தவர்களை எழுதத்தான் அந்த நோட்டு. நான் இறங்கிக் கட்டையைத் தூக்கினேன்.

அடுத்த வாரமும் அவர் எழுந்து நின்றார்.