முப்பது மீட்டர், பதினைந்து நிமிடம்

சென்ற வியாழக்கிழமை மாலை, எங்கள் தீவின் டாலிகஞ்சில், தெருமுனைப் பொதுக்குழாயடியில், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் ரப்பர் பைப்புக்குள் சிக்கிக்கொண்டதாகவும், நான்கு பேர் சேர்ந்து அவரை விடுவித்ததாகவும் ஒரு செய்தி உலவுகிறது.

அந்த அதிகாரி நான்தான். மற்றவை பிழை.

சிக்கியது இடது கணுக்கால் மட்டும். விடுவித்தவர் ஒரே ஒருவர் — என் மனைவி. பைப் ரப்பர் அன்று, பிளாஸ்டிக். வாரந்தோறும் இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களுக்கு, நடந்தது என் கையெழுத்திலேயே வந்து சேர்வதுதான் முறை. ஆகவே கூச்சத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் இயற்பியல் பட்டதாரி. இந்தத் தீவுகளில் அரசுப் பண்டகசாலை ஒன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் பணிபுரிந்து, அதன் பொறுப்பாளராக ஓய்வுபெற்றவன். கம்பிச் சுருள், கயிற்றுச் சுருள், கேபிள் சுருள், பைப் சுருள்... கப்பலில் வந்திறங்கிய சுருள்கள் எத்தனை! ஒவ்வொன்றுக்கும் 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று கையொப்பமிட்டவன் நான்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றுள் ஒன்றைக்கூட நான் பிரித்ததில்லை. பிரிப்பது வேறு துறையின் வேலை.

சுற்றிலும் கடல் இருந்தென்ன? அணையில் நீர் இறங்கிவிட்டால், கோடையில் எங்கள் தெருவுக்கு நான்கு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர். மாலை நான்கு மணி முதல் ஐந்து வரை. மேட்டில் ஒரு பொதுக்குழாய். சரிவில் நான்கு வீடுகள். வீட்டுக்குப் பதினைந்து நிமிடம். ஹோஸ் பைப்பைக் குழாயில் மாட்டி, மறுமுனையை அவரவர் வீட்டுத் தரைத்தொட்டியில் விட்டுக்கொள்ள வேண்டும்.

முன்பெல்லாம் தண்ணீர் வரும் நாளெல்லாம் ஒரு சண்டை. அதை முடிவுக்குக் கொண்டுவந்தவன் நான். தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழிகளில் விதிமுறை எழுதி, லேமினேட் செய்து, குழாயடியிலேயே மாட்டினேன். முறை வருவதற்கு முன் பைப்பைச் சாலையில் விரிக்கக் கூடாது — ஸ்கூட்டர்கள் போகின்றன. முறை முடிந்ததும் பைப்பைக் கழற்றிவிட வேண்டும். முறைக்குத் தயாராக இல்லாதவரின் நேரம் நீட்டிக்கப்படாது. கடைசி வரி: 'காரணம் கேட்கப்படாது.'

அந்தக் கடைசி வரியில் எனக்குத் தனிப் பெருமிதம் உண்டு. காரணம் கேட்கத் தொடங்கினால் எந்த நிர்வாகமாவது நடக்குமா?

எனக்கு அடுத்த முறை, பக்கத்து வீட்டு மண்டல் தீதிக்கு. வங்காளிப் பெண்மணி, அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சென்ற கோடையில் அவர் வடக்கே ரங்கத் என்ற ஊரில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, வழியில் பாராடாங்கில் வண்டிகள் ஃபெரிப் படகுக்குக் காத்து நின்றதில் பஸ் தாமதமாகிவிட்டது. தோளில் பையுடன் ஓடிவந்தார். அவருடைய நேரத்தில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை.

"சாஹப், பாராடாங்ல ஃபெரி லேட் ஹோ கயா..."

நான் பலகையைக் காட்டினேன். ஒருமுறை படித்தார். மறுமுறையும் படித்தார். பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். அடுத்த நான்கு நாளும் தம் தங்கை வீட்டிலிருந்து ஆட்டோவில் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார். விதி என்றால் விதி.

இனி, பைப்புக்கு வருகிறேன்.

எங்கள் பழைய பைப் வெயிலில் காய்ந்து, ஏழு இடங்களில் சைக்கிள் டியூபால் கட்டுப் போட்டுக்கொண்டு உயிர் வாழ்ந்தது. போன முறை எட்டாவது இடமும் வெடித்தது. அத்துடன், வெள்ளிக்கிழமை காலை விமானத்தில் மெயின்லேண்டிலிருந்து என் மைத்துனி குடும்பம் வருவதாகத் தகவல். ஆறு பேர். கடலில் குளிக்க வருகிறவர்கள், உப்புப் போக வீட்டில் இன்னொரு முறை குளிக்கமாட்டார்களா? எங்கள் தொட்டியிலோ பாசிதான் தெரிந்தது. வியாழக்கிழமைத் தண்ணீரைப் பிடித்தே ஆக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, ராமநாதபுரத்து முருகேசனின் ஹார்டுவேர் கடையில் புதிய பைப் வாங்கினேன். முப்பது மீட்டர். சதுரமான, கனத்த அட்டைப்பெட்டியில் வந்திருந்தது.

"சார், இது புது மாதிரி பேக்கிங். பெட்டிய வந்து..."

"முருகேசன், நான் எங்கே வேலை பார்த்தேன் என்று தெரியுமல்லவா?"

"தெரியும் சார்."

"அப்புறம்?"

"ஒண்ணுமில்ல சார்."

அந்த 'ஒண்ணுமில்ல சார்' என்பதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தீவில் குடியிருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே பொருளைவிட, அது வந்த பெட்டிக்குத்தான் மதிப்பு. நல்ல அட்டைப்பெட்டியை எறிந்தவன் அடுத்த கப்பலுக்குப் பார்சல் கட்டும்போது அழுவான். எங்கள் வீட்டில் டிவி மூன்று முறை மாறிவிட்டது. முதல் டிவியின் பெட்டி இன்றும் பரணில் இருக்கிறது. ஆகவே, முருகேசன் கடையிலேயே என் கண் பெட்டியின் மேல்தான் போனது. எங்கள் மகளைக் கட்சால் தீவில் கொடுத்திருக்கிறோம். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் சம்பந்தி. இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவர்களுக்கு முறுக்கும் புளியும் பேரனுக்குச் சட்டையும் அனுப்ப வேண்டியிருந்தது. புதன்கிழமை கப்பல்.

வாங்கிய செவ்வாய் மாலையே சுருளை வெளியே எடுத்தேன். அதைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாளைக் கிழியாமல் உரித்து, முறுக்கு டின்னுக்குச் சுற்றினேன். சுருளைக் கட்டியிருந்த ஐந்து நாடாக்களையும் அறுக்காமல் அவிழ்த்து, பார்சலுக்கு வைத்துக்கொண்டேன். பெட்டியின் ஒரு பக்கத்தில், நடுவில், புள்ளி புள்ளியாக ஒரு வட்டம் குத்தியிருந்தது. கை பட்டாலே கிழிந்துவிடும் போலிருந்தது. எவ்வளவு மட்டமான வேலை! அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டிப் பலப்படுத்தினேன். பழைய அச்சு தெரிந்தால் கப்பல்துறையில் குழப்பம் வரும் என்பதால், எழுத்திருந்த இடத்தையெல்லாம் வெள்ளைத்தாளால் மூடி, மேலே முத்து முத்தாக விலாசம் எழுதினேன். பெட்டி கப்பலேறியது.

சுருள் மட்டும் வராந்தாவில் கிடந்தது.

"ஏங்க, எல்லாக் கட்டையும் அவுத்துட்டியளே, அது அப்படியே நிக்குமா?" என்றாள் மனைவி. எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம்.

வெளிவிசை ஒன்று தாக்காதவரை எந்தப் பொருளும் இருந்த நிலையிலேயே இருக்கும் என்று விளக்கினேன்.

வியாழக்கிழமை மாலை நாலே காலுக்கு அந்த வெளிவிசை வந்தது.

சுருளை மேட்டில் குழாயடிக்குத் தூக்கிப்போய், ஒரு முனையை மாட்டி, குழாயைத் திறந்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினேன். மூன்று மீட்டர் தாராளமாக வந்தது. பிறகு மடிந்தது. திரும்பிப்போய் மடிப்பை நீக்கினேன். இரண்டடி தள்ளி இன்னொன்று. அதை நீக்கினால் பழைய இடத்திலேயே மறுபடியும். பின்னால் சுருளோ வளையத்துக்குள் வளையம் புகுந்து, நூடுல்ஸ் தட்டுப்போல் சரிந்துவிட்டது. இழுக்க இழுக்க இறுகியது. வழியடைத்த தண்ணீர் என்ன செய்யும்? மேலே குழாய்வாயிலிருந்து பைப்பைக் கழற்றி எறிந்துவிட்டு என் மேல் பாய்ந்தது.

"இழுக்காதிய! இழுக்காதியங்கேன்! கால பாருங்க, கால்ல சுத்துது!" — வாசலிலிருந்து மனைவி.

"சாஹப், பானி ஜா ரஹா ஹை!" — தம் வாசலிலிருந்து மண்டல் தீதி. தண்ணீர் வீணாகப் போவது எனக்கும் தெரிந்துதான் இருந்தது; என் வேட்டியில்தான் போய்க்கொண்டிருந்தது.

மனைவி மேலே வந்து குழாயை அடைத்தாள். குனிந்து என் கணுக்காலிலிருந்து வளையத்தை எடுத்தாள். இருவரும் சிக்கெடுக்க உட்கார்ந்தோம். எட்டு நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. நான் ஒரு முனையை நுழைக்க, அவள் அதே முனையை வெளியே எடுக்க... முப்பத்தோர் ஆண்டு அனுபவம் அந்த முடிச்சின் முன் ஒன்றுக்கும் உதவவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மண்டல் தீதி தம் பைப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பலகைக்கு அருகில் நின்றிருந்தார். என் கைக்கடிகாரத்தில் நாலரை.

"சாஹப், நீங்க புடிங்க. ஹம் ருகேகா" என்றார். அவர் காத்திருப்பாராம்!

எதிர்வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து நின்றேன். வேட்டியைப் பிழிந்துகொண்டேன்.

"வேண்டாம் தீதி. விதி விதிதான். இது உங்கள் நேரம்."

"உங்க விதியில தீய வைக்க! நாளைக்கு ஆறு பேரு வாராக!" என்றாள் மனைவி. தெருவில் வைத்து அவள் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. நான் முடிச்சுகளை அப்படியே அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு, சரிவில் நேராக நடந்து வீட்டுக்குள் போனேன்.

ஏழெட்டு நிமிடம் கழிந்திருக்கும். எங்கள் இரு வீட்டுக்கும் பொதுவான மதிலுக்கு மேலே ஒரு பைப் முனை எட்டிப் பார்த்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"பாபி, பக்கடோ! புடிங்க!"

மனைவி பாய்ந்து பிடித்து, எங்கள் தொட்டிக்குள் விட்டாள். நான் ஓடிப்போய், "தீதி, அவரவர் நேரம் அவரவருக்கு என்றுதானே ரூல்..." என்று தொடங்கினேன். மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"ரூல்ல எழுதியிருக்கா சாஹப்? எங்க பானிய நாங்க கிதர் ஊத்தணும்னு ரூல் இருக்கா?"

இல்லை. எழுதியவன் எனக்குத் தெரியாதா?

அவருடைய தொட்டி பாதி, எங்கள் தொட்டி பாதி. ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் முன்னதாகவே ஊர்த்தண்ணீர் நின்றது. கடைசி வீட்டுக்காரர் முணுமுணுத்தார். என் பைப் ஏன் சிக்கியது என்று மண்டல் தீதி கேட்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

ஆறு விருந்தாளிகளும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு வாளி என்று மனைவி அறிவித்துவிட்டாள். சமாளித்தோம்.

ஆனால் என் கோபம் சமாதானமாகவில்லை. நீங்களே சொல்லுங்கள் — ஒரு பொருளை இறுக்கிக் கட்ட யாருக்குத்தான் தெரியாது? எளிதாக அவிழும்படி கட்டுவதல்லவா நாகரிகம்? அரிசி மூட்டையின் தையலைப் பாருங்கள். சரியான நூலைப் பிடித்தால் சர்ரென்று முழுவதும் உருவிக்கொண்டு வரும். தவறான நூலைப் பிடித்தால் கத்திரிக்கோல்தான். எது சரியான நூல் என்று மூட்டையில் எழுதியிருக்கிறதா? டேப் சுருளின் முனையை நகத்தால் தேடியே நம் ஆயுளில் பாதி போகவில்லையா? கொசுவர்த்திச் சுருளைச் சேதமில்லாமல் பிரித்தவர் யாரேனும் உண்டா?

இவற்றையெல்லாம் தொகுத்து, பைப் கம்பெனிக்கு இரண்டு பக்கம் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். பெயருக்குக் கீழே பட்டம், வகித்த பதவி அனைத்தும். உறையை ஒட்டியாயிற்று. திங்கட்கிழமை காலை தபாலில் சேர்க்கச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது கட்சாலிலிருந்து சம்பந்தி அழைத்தார்.

"சம்பந்தி ஐயா, பெட்டி வந்து சேந்திருச்சுங்க. முறுக்கு ஒண்ணுகூட ஒடையல."

"பெட்டி அப்படிப்பட்டது" என்றேன்.

"கப்பல்ல நனைஞ்சு மேல ஒட்டுன தாளு மட்டும் உரிஞ்சுபோச்சுங்க. உள்ளுக்கு ஏதோ அச்சுப் போட்டிருக்கே... பேரன்தான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறான். 'பெட்டியைப் பிரிக்க வேண்டாம். வட்டத்தைக் கிழித்து, உள்ளே தெரியும் முனையைப் பிடித்து இழுக்கவும். சிக்காமல் வரும்.' படமும் போட்டிருக்குங்க. அந்த வட்டத்துல நீங்க டேப் ஒட்டி நல்லா அடைச்சிருக்கீங்களே... ஏதும் விசேஷங்களா?"

அவர் கேலி செய்கிறவர் அல்லர். உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"ஹலோ... ஹலோ..." என்றேன். கட்சாலுக்கு லைன் அடிக்கடி கெட்டுப்போகும். அன்று கெடவில்லை.

"நல்ல பெட்டிங்க ஐயா. ரிட்டர்ன் கப்பல்ல அனுப்பிவிடட்டுங்களா?"

அன்று மதியம் உட்கார்ந்து யோசித்ததில் விஷயம் விளங்கியது. பெட்டிக்குள் பைப்பை வெறும் வட்டமாகச் சுற்றவில்லை. எட்டுப் போட்டுச் சுற்றியிருந்திருக்கிறார்கள். முனையை உள்ளிருந்து இழுக்கும்போது ஒரு வளைவு இடப்பக்கம் முறுக்கும். அடுத்தது வலப்பக்கம் முறுக்கி அதைச் சரிசெய்துவிடும். சுற்றுகளை அந்த எட்டிலேயே பிடித்து வைத்திருந்தவை பெட்டியும் கண்ணாடித்தாளும் நாடாவும். மூன்றையும் பிடுங்கி முறுக்குக்குக் கொடுத்தவன்... சரி, விடுங்கள். இயற்பியல் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது.

கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஆனாலும் முருகேசன் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்பது என் கருத்து.

செவ்வாய்க்கிழமை காலை, குழாயடிக்குப் போய்ப் பலகையைக் கழற்றினேன். அதன் கடைசி வரியை மூன்று மொழியிலும் கத்தரித்து எடுத்துவிட்டு, மறுபடியும் மாட்டினேன். மண்டல் தீதி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"க்யா ஹுவா சாஹப்? அந்த லைன ஏன் காட் தியா?"

"காரணம் கேட்கப்படாது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.