ஆளே இல்லாத பஸ் ஸ்டாப்

எங்கள் ஊர் வெள்ளானூர் வரை மினி பஸ் ஓட்டச் சொல்லி அதிகாரிகள் போட்ட உத்தரவுக்கு நேற்று கோர்ட் இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. அங்கே பஸ் ஏற ஆளே இல்லை என்பது வழக்குப் போட்ட பஸ் முதலாளியின் வாதம்.

இன்று காலை ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டே, ஊர் சார்பில் வாதாடும் எங்கள் வக்கீல் அனுப்பிய வழக்கு நகலைப் போனில் பார்த்தேன். ஆதாரமாக ஒரு போட்டோ வைத்திருக்கிறார்கள். காலை நேரம், எங்கள் ஸ்டாப், ஈ காக்கை இல்லை.

போட்டோவின் ஓரத்தில் ஓர் ஆட்டோக் கண்ணாடி. அதில் பச்சை ரிப்பன்.

நிமிர்ந்தேன். எதிரில் அதே கண்ணாடி, அதே ரிப்பன்.

ஓட்டிக்கொண்டிருந்த சேகர் அண்ணன், பஸ் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவர்.

"அண்ணா, இந்த போட்டோ நீங்க எடுத்ததா?"

"இன்னாம்மா பண்ணச் சொல்ற? பஸ் ஓனரு கேட்டாரு, எட்த்துக் குட்த்தேன். பஸ் வந்தா என் வண்டில எவன் ஏறுவான்? நான் இன்னா பொய்யா சொன்னேன்? ஸ்டாப்புல ஆளே இல்லதானே?"

"எப்படிண்ணா இருப்போம்? அப்ப நாங்க எல்லாரும் உங்க வண்டியிலதானே இருந்தோம்!"

பின்னால் எட்டுப் பேர்.

இறங்கும்போது அவரே சொன்னார்: "கோச்சிக்காதம்மா. நாளைக்கும் உனக்கு ஓரத்து சீட்டு வெச்சிகினு கீறேன்."

வெள்ளானூரிலிருந்து காலை எட்டு மணிக்கு வேறு வண்டி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இல்லையென்றால், அவர் நாளை எடுக்கும் போட்டோவிலும் நான் இருக்க மாட்டேன்.