ஐந்தாவது ஜன்னல்

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்று பத்து. மழை தூறலாகக் குறைந்திருந்தது. மும்பை கிங்ஸ் சர்க்கிளில் கணுக்கால் அளவு தண்ணீர். மாட்டுங்காவில் ஒரு மாடி ஹாலில் எங்கள் பள்ளியின் பூகோள ஆசிரியருடைய ஓவியக் கண்காட்சி. தாராவிப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் கணக்கு. ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. அவருக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி.

பள்ளி விட்டதும் நான் செம்பூருக்கு ஓடுவேன், டியூஷனுக்கு. மூன்று பேட்ச். அவர் டிராம்பே பஸ்ஸில் ஏறிப் போய்க் கழிமுகத்தில் உட்கார்ந்து வரைவார்.

"டியூஷனும் இல்லாம எப்படிய்யா குடும்பத்தை ஓட்டறீர்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஓடுது சார்" என்றார். அந்த இரண்டு சொல் இன்றும் எரிகிறது.

நானும் வரைந்தவன்தான். காம்பஸ் இல்லாமல் கரும்பலகையில் நான் போடும் வட்டத்தைப் பார்க்கப் பக்கத்து வகுப்பு ஆசிரியர்கள் வந்து நிற்பார்கள். வட்டத்துக்கு யார் கண்காட்சி வைக்கிறார்கள்?

ஹாலில் முப்பத்துநான்கு படங்கள். பதினொன்றில் 'விற்றது' என்ற சீட்டு. ஒரு தவறாவது கிடைக்காதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். படகு சரி. நாரை சரி. இருபத்தாறாவது படம் எங்கள் பள்ளி. ஆசிரியர் அறைக்கு ஐந்து ஜன்னல். அவர் போட்டிருந்தது நான்கு.

என் சட்டைப்பையில் இன்றும் சிவப்புப் பேனா உண்டு. கை அதுவாகவே எடுத்து, விடுபட்ட இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டுவிட்டது. கண்ணாடி போடாத படம். மை தாளில் இறங்கிவிட்டது.

அவர் வந்து பார்த்தார். "என்ன சார்வாள், பரீட்சைப் பேப்பர்னு நெனச்சியளா?"

"ஜன்னல் அஞ்சு. நாலுதான் இருக்கு."

"தெரியும் சார். அஞ்சாவதுல நீங்கல்லா குனிஞ்சு டியூஷன் பேப்பர் திருத்திக்கிட்டு இருப்பிய. மூணு வாட்டி வரைஞ்சு பாத்தேன். வழுக்கைதான் வந்துச்சு, மொகம் வரல. நீங்க நிமிந்தாத்தான? அதான் செவரா அடிச்சுட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மருந்துக்குக்கூடக் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை. "வட்டம் நல்லாத்தான் விழுந்திருக்கு, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்று வேறு சொன்னார். அவரிடம் ஓசியில் வாங்குவதா? அங்கேயே போனில் பணத்தை அனுப்பினேன்.

வீட்டில் மனைவி அதை வெகுநேரம் பார்த்தாள். ஜன்னல் கதையைச் சொன்னேன்.

"நன்னா இருக்கே. இதுல நீங்க எங்கே?"

வட்டத்தின் மேல் விரலை வைத்தேன்.

"அங்கே செவுருன்னா இருக்கு" என்றாள். மறுநாளே சட்டம் போடச் சொல்லி, ஹாலில் மாட்டவும் வைத்தாள். வருகிறவர்கள் எல்லாரும் யார் வரைந்தது என்றுதான் கேட்கிறார்கள்.

படம் 6,500. மழையில் பஸ்ஸில் கொண்டுவர முடியாமல் டாக்சி 190. சட்டமும் கண்ணாடியும் 850. ஆக மொத்தம் ரூபாய் 7,540.